ஏலத்திற்கு முந்தைய தொல்லியல் மேற்பரப்பாய்வு: அரிட்டாபட்டி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கான ஏலம் 2024 நவம்பரில் முடிவாகி, 2025 ஜனவரியில் இரத்து செய்யப்பட்டது. சுரங்கத்திற்கெனக் குறிக்கப்படும் நிலத்தில் தொல்லியல் மேற்பரப்பாய்வு எப்போது, எவ்வளவு பரப்பில், யாரால் நடத்தப்பட வேண்டும் என்னும் வினாவை இந்நிகழ்வு எழுப்பியது. நமது தொல்லியல் சட்டங்கள் அறியப்பட்ட சின்னங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காக்கின்றன. கனிம ஏலமோ நிலத்தைப் பரப்பாகக் கையாள்கிறது. இவ்விரு அளவுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில், இன்னும் பதிவுறாத சான்றுகள் அழியும் வாய்ப்பு மிகுதி. அரிட்டாபட்டி, மாங்குளம் குன்றுகளின் ஆய்வு வரலாற்றையும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கு நிகழ்வையும் துணையாகக் கொண்டு, மேற்பரப்பாய்வு ஏலத்திற்கு முன்பே பரப்பளவில் நிகழ வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: மேற்பரப்பாய்வு, அரிட்டாபட்டி, மாங்குளம், தமிழிப் பொறிப்பு, கனிம ஏலம், மீட்பு அகழாய்வு, ஜூகன்

1. முன்னுரை

சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. முக்கியக் கனிமங்கள் என வகைப்படுத்தப்பட்ட 24 கனிமங்களுக்கான ஏலத்தை நடத்தும் அதிகாரம் இத்திருத்தத்தால் ஒன்றிய அரசிடம் சென்றது. அவற்றுள் டங்ஸ்டனும் ஒன்று. இதன்படி மதுரை மாவட்டத்தில் 2015.51 ஹெக்டேர் பரப்புடைய நாயக்கர்பட்டி தொகுதி ஏலத்திற்கு விடப்பட்டு, 2024 நவம்பர் 7 அன்று இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் முன்னுரிமை ஏலதாரராக அறிவிக்கப்பட்டது. மேலூர் வட்டாரத்து ஊர்கள் இதனை எதிர்த்தன. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை ஏலத்தை இரத்து செய்யக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கிப் பெருந்திரளான மக்கள் பேரணியாகச் சென்றனர். ஜனவரி 23 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை இரத்து செய்தது.

இந்நிகழ்வின் அரசியல் பக்கம் பலராலும் பேசப்பட்டுள்ளது. இக்கட்டுரையின் அக்கறை வேறு. எதிர்ப்பு எழுந்தபின் 2024 டிசம்பரில், தொகுதியின் எல்லையை மறுஆய்வு செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையை ஒன்றிய அரசு கேட்டுக்கொண்டது. அவ்வறிவிப்பில் விலக்கப்பட வேண்டிய பகுதியாகச் சுட்டப்பட்டது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமேயாகும். 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகளின் பரப்பு ஏறத்தாழ 193 ஹெக்டேர். இது தொகுதியின் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய ஒன்பது பங்கிற்கும் மேற்பட்ட நிலத்தின் தொல்லியல் தன்மை என்ன என்பது அந்த எல்லைக் கணக்கில் ஒரு வினாவாகவே இடம்பெறவில்லை. உயிரினங்களுக்கு வரையப்பட்ட எல்லை மனித வரலாற்றுக்கும் போதுமானதாகக் கொள்ளப்பட்டது எனலாம்.

2. குன்றுகள் தரும் சான்றுகள்

இவ்வட்டாரத்தின் தொன்மைக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. அரிட்டாபட்டி கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் இரண்டு தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று நெல்வேலியைச் சேர்ந்த ஒருவரையும் மற்றொன்று இலஞ்சியைச் சேர்ந்த வேள் ஒருவரின் மகனையும் கொடையாளிகளாகக் குறிக்கின்றன. இவ்வூர்ப் பெயர்களை இன்றைய திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளோடு அறிஞர் இணைத்துக் காண்பர். அவ்வாறாயின், தென்கோடிப் பாண்டிநாட்டிலிருந்து வந்தோர் இக்குன்றில் துறவியர்க்கு உறைவிடம் அமைத்தனர் என்பது பெறப்படும்.

அதே மலையில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் வட்டெழுத்துக் கல்வெட்டும் உள்ளன. அக்கல்வெட்டு இம்மலையைத் திருப்பிணையன் மலை எனக் குறிக்கிறது. அருகில் முற்காலப் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் அமைந்துள்ளது. தமிழகத்தில் அருகியே காணப்படும் இலகுலீசர் சிற்பம் இக்கோயிலின் தனிச்சிறப்பு. ஆக, சமணமும் சைவமும் ஓராயிரம் ஆண்டுக் கால எல்லைக்குள் ஒரே குன்றுச்சூழலைப் பயன்படுத்தியமை இங்குப் புலனாகிறது.

மீனாட்சிபுரத்தை ஒட்டிய மாங்குளம் குன்றில் ஆறு தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கொண்டார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், அவனுடைய அலுவலர் கடலன் வழுதியின் பெயரும், கணிநந்தன் என்னும் துறவியின் பெயரும் இவற்றில் இடம்பெறுகின்றன. வெள்ளறை நிகமத்தோர், அதாவது ஒரு வணிகக் குழுவினர், கொடையளித்தமையும் குறிக்கப்பட்டுள்ளது. சற்றுத் தொலைவிலுள்ள அழகர்மலைக் கல்வெட்டுகள் உப்பு, துணி, கொழு ஆகியவற்றை விற்ற வணிகரையும் பொற்கொல்லரையும் கொடையாளிகளாகக் காட்டுகின்றன.

கல்வெட்டுகள் குன்றின்மேல் உள்ளன. கல்வெட்டில் பெயர் பொறித்தோர் குன்றின்மேல் வாழவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. நிகமத்தோர் கூடிய ஊர் எது? உப்பு வண்டிகள் எவ்வழியே வந்தன? கொழு வடித்த உலை எங்கிருந்தது? துறவியர்க்கு உணவளித்த குடியிருப்புகள் எவை? வெள்ளறையை இன்றைய வெள்ளரிப்பட்டியோடு இணைத்துக் காண்பாரும் உளர். எனினும் பெயரொற்றுமை ஒரு தொடக்கமேயன்றி நிறுவப்பட்ட முடிவாகாது. இவ்வினாக்களுக்கு விடை குன்றுகளுக்கு இடைப்பட்ட வயல்களிலும், மேட்டு நிலங்களிலும், கண்மாய்க் கரைகளிலும் உள்ளது. சுரங்கத் தொகுதி உள்ளடக்கிய நிலத்தின் பெரும்பகுதி இத்தகையது.

3. ஒரு கல்வெட்டைப் படிக்க எடுத்த காலம்

மாங்குளம் கல்வெட்டுகளை இராபர்ட் சீவெல் 1882இல் அறியத் தந்தார். தமிழகக் குகைத்தளக் கல்வெட்டுகள் பலவற்றை ஒப்பிட்டு, அவற்றின் மொழி தமிழே எனக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துரைத்தார். நெடுஞ்செழியன் என்னும் பெயரை மகாதேவன் உறுதிப்படுத்தியது 1960களில். கண்டறிதலுக்கும் அதன் வரலாற்று முதன்மையை உணர்தலுக்கும் இடையே ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழிந்துள்ளன. அரிட்டாபட்டியின் இரு கல்வெட்டுகளுள் ஒன்றும் மற்றதற்கு மிகப் பிந்தியே கண்டறியப்பட்டது. ஆய்வாளர் பலமுறை ஏறியிறங்கிய குன்றிலேயே நிலைமை இதுவாயின், எவரும் முறையாக நடந்து பாராத நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு சான்றின் மதிப்பு அது கண்ணில் படும் நாளிலேயே தெரிந்துவிடுவதில்லை. 1882இல் ஒரு சுரங்க அலுவலர் மாங்குளத்தைப் பார்வையிட்டிருப்பின், படிக்க இயலாத சில கீறல்கள் என்றே பதிவு செய்திருக்கக்கூடும். இரண்டாவது, முன்பதிவு இல்லாமை சான்று இல்லாமைக்குச் சமமாகாது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கீழடி. இந்தியத் தொல்லியல் துறை 2013–14இல் வைகை ஆற்றின் இரு கரைகளிலும் நடத்திய மேற்பரப்பாய்வில் 293 தொல்லியல் இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் ஒன்றாகிய கீழடியில் 2015இல் அகழாய்வு தொடங்கியது. அதுவரை அந்நிலம் தென்னந்தோப்பாகவே அறியப்பட்டிருந்தது. அவ்வாய்வுக்கு முந்தைய ஆண்டொன்றில் அத்தோப்பு கனிமத் தொகுதி ஒன்றின் எல்லைக்குள் வந்திருந்தால், தடை கூறுதற்குரிய பதிவேடு எதுவும் இருந்திராது.

மாங்குளத்திலேயே இதற்கு ஒத்த சான்று உண்டு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2007இல் அங்கு மேற்கொண்ட அகழாய்வு செங்கற் கட்டுமானத்தையும் கூரை ஓடுகளையும் வெளிப்படுத்தியது. நூறாண்டுகளுக்கு மேலாகக் கல்வெட்டுக்காக மட்டுமே பேசப்பட்ட குன்றில் கட்டடம் ஒன்றும் இருந்தது என்பது தோண்டிய பின்னரே தெரியவந்தது.

4. புள்ளியும் பரப்பும்: சட்டப் பாதுகாப்பின் அளவு

1958ஆம் ஆண்டின் ஒன்றியத் தொல்லியல் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னங்களையும் இடங்களையும் காப்பவை. ஒன்றியப் பாதுகாப்பிலுள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. சுரங்கப் பணிகளையும் கட்டுமானத்தையும் கருதி 1992இல் அறிவிக்கப்பட்ட இவ்வளவுகள் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி சட்டத்திலேயே இடம்பெற்றன.

இதனைப் பரப்பாக மாற்றிப் பார்ப்பின் அளவு தெளிவாகும். ஒரு சிறு குகைத்தளத்தைப் புள்ளியாகக் கொண்டால், 100 மீட்டர் ஆரமுடைய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3.14 ஹெக்டேர், 300 மீட்டர் ஆரமுடைய வட்டத்தின் பரப்பு 28.27 ஹெக்டேர். 2015.51 ஹெக்டேர் தொகுதியில் முன்னது 0.16 விழுக்காடு, பின்னது 1.4 விழுக்காடு. இத்தகைய வட்டங்கள் பத்து அமைந்தாலும், அவை ஒன்றன்மேல் ஒன்று படியாத நிலையிலும், தொகுதியின் ஏழில் ஒரு பங்கே அவற்றுள் அடங்கும்.

வட்டத்திற்குள் இருப்பவையும் முழுமையாகப் பாதுகாப்புப் பெற்றுவிடுவதில்லை. குகைத்தளம் என்பது இயற்கைப் பாறையின் முன்னிழுத்த விளிம்பு. மழைநீர் உள்ளே வழியாமலிருக்க வெட்டப்பட்ட காடியும், அதனருகே பொறிக்கப்பட்ட எழுத்தும், கீழே செதுக்கிய படுக்கைகளும் அவ்விளிம்பின் உறுதியையே சார்ந்துள்ளன. வெடி அதிர்வுக்கான வரம்புகளைச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் வகுத்தது. அதில் வரலாற்று முதன்மை வாய்ந்தவற்றுக்கு, 8 ஹெர்ட்சுக்குக் குறைந்த அதிர்வெண்ணில், நொடிக்கு 2 மில்லிமீட்டர் என்னும் கடுமையான வரம்பு குறிக்கப்பட்டுள்ளது. ஆயின் இவ்வரம்பைச் செயல்படுத்த, பாதுகாக்க வேண்டியது எங்கே உள்ளது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை இக்குறையை நிரப்பும் என எதிர்பார்ப்பது இயல்பு. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் விண்ணப்பப் படிவம், திட்ட எல்லையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட சூழலியல், நிலத்தோற்ற, பண்பாட்டு மதிப்புடைய பகுதிகள் உள்ளனவா எனக் கேட்கிறது. கேள்வி ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டவற்றைப் பற்றியது. கண்டறியப்படாதவற்றைத் தேடுமாறு அது பணிப்பதில்லை. மேலும், இம்மதிப்பீட்டை மேற்கொள்பவர் ஏலத்தில் வென்றவரே. அதாவது நிலத்தின்மீது ஓர் உரிமை உருவானபின், அவ்வுரிமை பெற்றவரின் செலவில், அந்நிலத்தின் தொன்மை வினவப்படுகிறது.

5. வரிசைமுறையின் விளைவு: ஜூகன் பள்ளத்தாக்கு

இவ்வரிசைமுறையின் விளைவை முழுமையாக ஆவணப்படுத்திய நிகழ்வு ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் நடந்தது. அங்கு ரியோ டின்டோ நிறுவனத்தின் பிராக்மன் 4 இரும்புத்தாதுச் சுரங்கத்தை ஒட்டி ஜூகன் பள்ளத்தாக்கின் இரு பாறை ஒதுக்கிடங்கள் இருந்தன. பூட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்களின் மரபுவழி நிலம் அது. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்குடி மரபுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்கீழ், அவ்விடங்களுக்குச் சேதம் விளைவிக்கும் பணிக்கு 2013இல் அமைச்சரின் இசைவு வழங்கப்பட்டது.

மீட்பு அகழாய்வு 2014இல், அதாவது இசைவு கிடைத்தபின் நடைபெற்றது. 7000க்கும் மேற்பட்ட தொல்பொருள்கள் கிடைத்தன. ஒதுக்கிடங்களுள் ஒன்றில் மனிதப் பயன்பாடு ஏறத்தாழ 46,000 ஆண்டுகள் பின்செல்வது தெரியவந்தது. மனித மயிரால் பின்னிய, ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமையுடைய கச்சு ஒன்றின் மரபணு, இன்றைய அம்மக்களோடு தொடர்புடையதாக அமைந்தது. இச்செய்திகள் நிறுவனத்திடமும் இருந்தன. ஆயின் புதிய சான்று வெளிப்பட்டால் இசைவை மறுபரிசீலனை செய்ய அச்சட்டத்தில் இடமில்லை. மேல்முறையீட்டு உரிமை நிலஉரிமம் பெற்றோர்க்கு இருந்தது, மரபுரிமையாளர்க்கு இல்லை. 2020 மே 24 அன்று ஒதுக்கிடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

பின்னர் அமைந்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில், ஒதுக்கிடங்களைத் தவிர்க்கும் மாற்றுத் திட்ட வரைவுகள் நிறுவனத்தின் பரிசீலனையில் இருந்தமையும், அவை மரபுரிமையாளர்க்குத் தெரிவிக்கப்படாமையும் வெளிப்பட்டன. நிறுவனத்தின் தலைமைச் செயலர் உள்ளிட்ட மூவர் பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது. 2021இல் இயற்றப்பட்ட புதிய மரபுரிமைச் சட்டம் 2023 ஜூலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. திருத்தங்களுடன் மீண்ட 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில், புதிய தகவல் கிடைத்தால் அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் கடமை சேர்க்கப்பட்டது.

ஜூகன் நிகழ்வில் தொல்லியல் அறிஞரின் பணியில் குறைகாண இயலாது. அகழாய்வு முறையாக நடந்தது, காலக்கணிப்பும் செய்யப்பட்டது. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால், அவ்வறிவு முடிவை மாற்றும் ஆற்றலை இழந்தது. ஒரே புலப்பணி, இசைவுக்கு முன் நிகழ்ந்தால் மதிப்பீடாகிறது. பின் நிகழ்ந்தால் இழப்பின் பட்டியலாகிறது. நாயக்கர்பட்டி ஏலத்திற்கும் ஜூகனுக்கும் நிலம், சட்டம், மக்கள் ஆகிய அனைத்திலும் வேறுபாடு உண்டு. உரிமை முன்னும் தேடல் பின்னுமாக அமைந்த வரிசையில் மட்டும் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

6. மேற்பரப்பாய்வு எவ்வாறு அமைதல் வேண்டும்

சுரங்க நிலத்திற்கான மேற்பரப்பாய்வு, வழக்கமான ஊர்வழிக் களப்பணியிலிருந்து சில கூறுகளில் வேறுபட வேண்டும். ஊர்வழிக் களப்பணியில் ஆய்வாளர் ஊராரிடம் கேட்டறிந்த கோயில், நடுகல், ஈமக்காடு ஆகியவற்றை நாடிச் செல்கிறார். அதனால் கிடைப்பது இருப்பவற்றின் பட்டியல். சுரங்க நிலத்திற்குத் தேவைப்படுவது, எவ்விடத்தில் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் காட்டும் வரைபடம். ஆகவே நிலத்தைக் கட்டங்களாகப் பகுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் இணைகோடுகளாக நடந்து, ஒவ்வொரு கட்டத்தின் மேற்பரப்புத் தெரிநிலையையும் குறித்தல் முதற்படியாகும். அறுவடைக்குப் பிந்திய வயலில் தெரியும் கறுப்புசிவப்புப் பானையோடு, பயிர் நிற்கும் காலத்தில் தெரியாது. எனவே பருவம் மாற்றி இருமுறை நடத்தல் நன்று.

இரண்டாவதாக, வருவாய்த்துறை ஆவணங்களைத் தொல்லியல் சான்றாகப் பயன்படுத்த வேண்டும். புலப்படங்களும் ‘அ’ பதிவேடும் நிலத்தின் பழம்பெயர்களைக் காத்து வருபவை. மேடு, திடல், காடு என முடியும் புலப்பெயர்கள் பல இடங்களில் பழங்குடியிருப்பையோ ஈமநிலத்தையோ சுட்டியுள்ளன. ஏல ஆவணமும் தொல்லியல் வரைபடமும் ஒரே புல எண்களைக் கொண்டு அமைந்தால், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தல் எளிதாகும்.

மூன்றாவதாக, எளிதில் கண்ணில் படாத சான்றுகளுக்கு உரிய இடம் தர வேண்டும். இரும்புக் கசடு, உடைந்த ஊதுகுழாய், சரளைப் பரப்பில் கிடக்கும் கற்கருவி, தூர்ந்த மடை, கண்மாயின் கல்தூம்பு ஆகியன சுற்றுலாப் பயணியை ஈர்ப்பன அல்ல. வணிகரும் கொல்லரும் உழவரும் வாழ்ந்த நிலத்தை அறிவிப்பவை இவையே. அரிட்டாபட்டி பகுதியில் 72 ஏரிகளும் 200 இயற்கை நீரூற்றுகளும் இருப்பதாகப் பல்லுயிர்த் தல அறிவிப்பின்போது அரசு தெரிவித்தது. அந்நீர்நிலைகளைச் சூழலியல் கூறுகளாகக் காண்பதோடு, எவர் எப்போது வெட்டி எவ்வாறு பகிர்ந்தனர் என வினவும்போது அவை வரலாற்று ஆவணங்களாகின்றன.

நான்காவதாக, ஆய்வு நடத்துவோர் ஏலதாரரைச் சாராதிருத்தல் வேண்டும். செலவை ஏலத் தொகையிலிருந்து பெறலாம். ஆயின் பணியமர்த்தலும் அறிக்கை பெறுதலும் மாநிலத் தொல்லியல் துறையிடமோ பல்கலைக்கழகத் துறையிடமோ இருத்தல் தக்கது. இடங்களின் துல்லிய அமைவிடம் புதையல் தேடுவோர்க்குப் பயன்படும் என்பதால், அதனைக் காப்பில் வைத்து எஞ்சிய அறிக்கையைப் பொதுவில் வெளியிட வேண்டும்.

7. எதிர்வாதங்கள்

இம்முறை காலத்தாழ்வை விளைவிக்கும் என்பது முதல் எதிர்வாதம். நாயக்கர்பட்டி தொகுதியோ ஏலம் விடப்பட்டு, வென்றவர் அறிவிக்கப்பட்டு, போராட்டம் எழுந்து, இறுதியில் இரத்தாயிற்று. முன்கூட்டிய ஆய்வு அத்தொகுதியின் எல்லையை வேறுவிதமாக வரையச் செய்திருக்கலாம். அல்லது ஏலப் பட்டியலில் சேர்க்காமலே விடச் செய்திருக்கலாம். அரசுக்கும் நிறுவனத்திற்கும் ஊராருக்கும் அது காலத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

எந்நிலத்தில்தான் தொன்மை இல்லை, அனைத்தையும் காக்க இயலுமா என்பது இரண்டாவது. இது நியாயமான வினா. மேற்பரப்பாய்வு ஒவ்வொரு பானையோட்டையும் காக்கச் சொல்வதன்று. எதைத் தவிர்க்க வேண்டும், எதை முழுமையாக அகழ்ந்து பதிவு செய்தபின் விட்டுக்கொடுக்கலாம், எங்குப் பொருட்படுத்தத்தக்க சான்று இல்லை எனத் தரம்பிரித்துச் சொல்வதே அதன் கடமை. சுரங்கத்திற்கு இசைவான முடிவையும் தயங்காமல் சொல்லும் ஆய்வே, தடைகூறும்போது மதிக்கப்படும்.

மூன்றாவது எதிர்வாதம் தொல்லியலாளரிடமிருந்தே எழக்கூடும். இத்தகைய ஆய்வு, அழிவுக்கு ஒப்புதல் முத்திரையிடும் சடங்காகிவிடும் என்பது அவர்களது அச்சம். ஜூகன் நிகழ்வு அவ்வச்சத்திற்கு அடிப்படை தருகிறது. எனவேதான் ஆய்வறிக்கையின்றி ஏலம் அறிவிக்கப்படலாகாது என்பதையும், பின்னர் வெளிப்படும் சான்று முந்தைய இசைவை மறுபரிசீலனைக்கு உட்படுத்தும் என்பதையும் ஒருசேரச் சட்டத்தில் இடம்பெறச் செய்ய வேண்டும். இவற்றுள் ஒன்றின்றி மற்றொன்று பயன்தராது.

8. முடிவுரை

நாயக்கர்பட்டி ஏலம் இரத்தானது மக்களின் உறுதியால் கிடைத்த பயன். எனினும் இரத்து ஆணை என்பது நிலத்தைப் பற்றிய அறிவை உருவாக்கித் தருவதில்லை. ஓர் ஆணையால் நீங்கிய ஆபத்து மற்றோர் ஆணையால் மீளக்கூடும். அப்போதும் குன்றின்மேலுள்ள எழுத்துகளைச் சான்றாகக் காட்ட இயலும்; குன்றின் அடிவாரத்து நிலத்தைப் பற்றிச் சொல்ல, அங்கு நடந்து தொகுத்த தரவு கைவசம் இருந்தாக வேண்டும்.

ஆகவே, மேலூர் வட்டாரத்துக் குன்றுகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட சமவெளியையும் ஒரே நிலத்தோற்றமாகக் கொண்டு, புல எண் வாரியான மேற்பரப்பாய்வைச் சுரங்க நெருக்கடி இல்லாத இக்காலத்திலேயே மேற்கொள்ளுதல் உடனடித் தேவை. மதுரையைச் சூழ்ந்த கல்வி நிறுவனங்களின் வரலாறு, தொல்லியல், தமிழ்த் துறைகள் ஊர்களைப் பகிர்ந்துகொண்டு முதுகலை, முனைவர்பட்ட மாணவர்களின் களப்பணியாக இதனைத் தொடங்க இயலும். அகழாய்வுக்குத் தேவைப்படும் உரிமமும் பெருநிதியும் இதற்கு வேண்டுவதில்லை. வெள்ளறை நிகமத்தோர் கூடிய ஊர் எது என்னும் வினாவிற்கு இவ்வாய்வு விடை தரலாம், தராமலும் போகலாம். அவ்வினாவைக் கேட்பதற்குரிய நிலமாவது எஞ்சியிருப்பதற்கு அது வழிசெய்யும்.